விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: எதை முதலில் மாற்றுவது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதலான செயலியையும் கேட்கிறது. 2016-லோ 2017-லோ வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் திரையும் விசைப்பலகையும் பழுதில்லாமல் இருக்கின்றன. வேகமும் அன்றாட வேலைக்குப் போதும். ஆனாலும் இந்த நிபந்தனையால் அவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இப்படிப்பட்ட கணினியில் லினக்ஸை நிறுவி இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும் என்பது இன்று பலருக்கும் தெரியும். எந்த வரிசையில் மாறுவது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை.

புதிதாக மாறுபவர்கள் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை நிறுவுகிறார்கள். மறுநாள் காலையில் அலுவலகக் கோப்பு வேறு மாதிரி திறக்கிறது, தமிழில் தட்டச்சு செய்ய வழி தெரியவில்லை, பிரின்டர் அசையவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே விண்டோஸுக்குத் திரும்பிவிட்டு, லினக்ஸ் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயன்படுத்தும் மென்பொருள், கோப்புகள் இருக்கும் இடம், தட்டச்சு முறை, இயங்குதளம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எந்த இயங்குதளமானாலும் கடினமாகத்தான் இருக்கும். முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள், அடுத்துக் கோப்புகளை ஒழுங்குபடுத்துங்கள், இயங்குதளத்தைக் கடைசியாக மாற்றுங்கள் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

லினக்ஸ் என்று எதைச் சொல்கிறோம்?

கண்டிப்பாகச் சொன்னால், லினக்ஸ் என்பது ஒரு கெர்னலின் பெயர் மட்டுமே. செயலி, நினைவகம், வட்டு, பிரின்டர் போன்ற வன்பொருளுக்கும் நாம் திறந்து வேலை செய்யும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதை எழுதத் தொடங்கினார். கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதைச் சுற்றித் தேவைப்படும் கருவிகளில் பெரும்பகுதியை, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தினர் அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற உரிமைகளோடு வெளிவருவதால் இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

கெர்னல், க்னூ கருவிகள், திரையில் தெரியும் டெஸ்க்டாப், உலாவி, அலுவலக மென்பொருள் என எல்லாவற்றையும் திரட்டி, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து, நிறுவுவதற்குத் தயாரான வடிவில் ஒரு குழு வெளியிட்டால் அது வழங்கல். பேச்சில் டிஸ்ட்ரோ என்பார்கள். 1993-இல் தொடங்கிய டெபியன், அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் வந்த உபுண்டு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட், ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவோடு வளரும் ஃபெடோரா ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினி பெற்ற மாணவர்கள் பாஸ் என்ற பெயரைத் திரையில் பார்த்திருப்பார்கள். விண்டோஸோடு சேர்த்து அதில் நிறுவித் தரப்பட்ட அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் வழங்கல்தான். ஆகவே, லினக்ஸ் நம் வீடுகளுக்கு முற்றிலும் புதிய விருந்தாளி அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் புதியவர்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், அதிலும் சின்னமன் டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். 22-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. நினைவகம் 4 ஜிபி மட்டுமே உள்ள பழைய கணினி என்றால், மின்ட்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மற்ற வழங்கல்களை ஓராண்டு கழித்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இருந்தபடியே தொடங்குங்கள்

லினக்ஸில் அன்றாடம் பயன்படும் மென்பொருள்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸிலும் இயங்கும். உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், ஆவணங்களுக்கு லிப்ரே ஆஃபீஸ், படங்களைத் திருத்த கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், காணொளி பார்க்க விஎல்சி, காணொளி வெட்டி ஒட்ட கேடென்லைவ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க கீபாஸ்எக்ஸ்சி ஆகிய எல்லாவற்றையும் இன்று உங்களிடம் உள்ள விண்டோஸிலேயே நிறுவி, இரண்டு மாதம் அவற்றில் மட்டும் வேலை செய்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். வேலை நின்றுபோகும் அச்சமும் இராது. அவசரம் என்றால் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பழக்கம் வந்த பிறகு இயங்குதளத்தை மாற்றினால், மேசையில் இருக்கும் பொருள்கள் அப்படியே இருக்க, கீழே இருக்கும் தரையை மட்டும் மாற்றியது போலத்தான் இருக்கும்.

இவற்றில் அதிகம் சிரமம் தருவது லிப்ரே ஆஃபீஸ். சிரமத்தின் காரணம் பெரும்பாலும் எழுத்துருவில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் கலிப்ரி எழுத்துருவில் எழுதிய ஆங்கில ஆவணத்தை லினக்ஸில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இராது. அதற்குப் பதிலாக, கலிப்ரியின் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்ட கார்லிட்டோ எழுத்துருவை லிப்ரே ஆஃபீஸ் எடுத்துக்கொள்கிறது. அகலம் ஒன்றாக இருப்பதால் வரிகள் அதே இடத்தில் உடைகின்றன, பக்க எண்ணிக்கையும் மாறுவதில்லை. கேம்பிரியாவுக்குக் கலடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன் வரிசை என்று இதே போல மாற்றுகள் உண்டு. தமிழுக்கு இந்த வசதி இல்லை. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா ஆகிய எழுத்துருக்களில் எழுதிய தமிழ் ஆவணத்தை லினக்ஸில் திறந்தால் நோட்டோவோ லோகித்தோ அந்த இடத்தில் வந்து உட்காரும். அவற்றின் அகலம் வேறு என்பதால் 10 பக்க ஆவணம் 11 பக்கமாகும், அட்டவணைகள் அடுத்த பக்கத்துக்கு நழுவும்.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் அதை மாறுவதற்கு முன்பே செய்ய வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்களை விண்டோஸில் இப்போதே நிறுவிக்கொண்டு, இனி எழுதும் ஆவணங்களை அவற்றில் எழுதத் தொடங்குங்கள். இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே எழுத்துரு இருந்தால் ஆவணம் ஒரே மாதிரித் தெரியும். பிறருக்கு அனுப்பும்போது, அவர்கள் திருத்தத் தேவையில்லை என்றால் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். திருத்த வேண்டும் என்றால், கோப்பின் பண்புகளில் எழுத்துருவை உடன் பொதிந்து சேமிக்கும் வசதி லிப்ரே ஆஃபீஸில் உண்டு. எக்செல் மேக்ரோக்களை, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக முடிக்கும் சிறு நிரல்களை, நம்பி நடக்கும் அலுவலகங்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எளிய மேக்ரோக்கள் ஓடும், பெரியவை பல இடங்களில் நின்றுவிடும். உங்கள் மேக்ரோ எந்த வகை என்பதை இந்தச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடலாம்.

எவற்றை மாற்ற முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கும் ஆட்டோகேடுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. நம் ஊர்க் கடைகளும் கணக்கர்களும் நம்பியிருக்கும் டேலியும் விண்டோஸுக்காக எழுதப்பட்டதே. வருமான வரி, ஜிஎஸ்டி வேலைகளுக்கான டிஜிட்டல் கையொப்பத்தை வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் (அந்தக் கருவியை இயக்கும் நிரல்) உண்டா என்பது டோக்கனைப் பொறுத்தது. அதை வழங்கியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இயங்குதளத்தை மாற்றக் கூடாது. சிலவகை விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸிலேயே இயக்கிப் பார்க்க, 1993 முதல் வளர்ந்துவரும் வைன் உதவும். விளையாட்டுகளுக்கு, வைனை அடிப்படையாகக் கொண்டு 2018-இல் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் சேர்க்கப்பட்ட புரோட்டான் பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் பிழைப்புக்கான வேலையை வைனை நம்பி விட வேண்டாம் என்பேன். அன்றாட வேலை முழுவதும் அப்படி ஒரே ஒரு மென்பொருளில்தான் நடக்கிறது என்றால், அந்தக் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். வீட்டில் உள்ள வேறு கணினியை மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் தேவை என்றால், ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளலாம்.

நிறுவாமலேயே ஓட்டிப் பார்ப்பது

லினக்ஸில் புதியவர்களுக்கு மிகவும் பயன்படும் வசதி, வட்டில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்க்க முடிவதுதான். இதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கித் தரும் ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். அதைத் தரவிறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன், தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, வழங்கலைத் தயாரித்தவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை வீண் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ ஒன்றை மக்கள் எடுத்துச் செல்லும்படி செய்தார்கள். 

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் கொண்டுவர வேண்டும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12 விசையும், எச்பி கணினிகளில் எஃப்9 விசையும் இதற்குப் பயன்படும். டெஸ்க்டாப் வந்ததும் மெனுவின் அழகைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் வன்பொருளைச் சோதியுங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா திறக்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா, பிரின்டரை இணைத்தால் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். சிலவகைச் சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கினால் கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். நிறுவிய பிறகு அதைக் கொண்டே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். பிரின்டர்களில் எச்பி வகைகள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, வைஃபை உள்ள புதிய வகைகள் டிரைவர் இல்லாமலே வேலை செய்கின்றன. பழைய சிறு லேசர் பிரின்டர்களில் சில மட்டும் பிடிவாதமாக இருக்கும்.

நிறுவும் முன் கவனிக்க வேண்டியவை

கோப்புகளின் நகல் ஒன்று வெளி வட்டில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது. அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸில் முன்கூட்டியே கவனிக்க இரண்டு அமைப்புகள் உள்ளன. முதலாவது பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் நமக்குத் தெரியாமலேயே வட்டு இதனால் பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்கங்கள் கொண்ட அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பிட்லாக்கரை நிறுத்திவிட்டு லினக்ஸுக்கு இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயக்கத்தில் இருந்தால், நாம் அணைக்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் வட்டைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதிக் கோப்புகளைப் படிக்க முடிந்தாலும் எழுத முடியாது. அதையும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் பலர் குழம்பும் இன்னொரு செய்தி கடிகாரம். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். கணினியில் ஏதும் பழுதில்லை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருவகை நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இது தீரும்.

நிறுவிய பிறகு சி, டி என்ற வட்டு எழுத்துகளைத் தேடாதீர்கள். லினக்ஸில் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். உங்கள் ஆவணங்கள், படங்கள், தரவிறக்கங்கள் எல்லாம் ஹோம் என்ற உங்கள் கோப்புறைக்குள் இருக்கும். பென்டிரைவைச் செருகினால் அதுவும் அந்த மரத்தில் ஒரு கிளையாக வந்து சேரும். கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மென்பொருள் எங்கிருந்து வருகிறது?

விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, அடுத்து, அடுத்து என்று அழுத்தி நிறுவுகிறோம். இடையில் வேண்டாத இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து நுழைந்துவிடுவதும் உண்டு. லினக்ஸுக்கு வந்தவுடன் கைவிட வேண்டிய முதல் பழக்கம் இதுதான். இங்கே ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. வழங்கலைப் பராமரிப்பவர்கள் மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி, தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு அதில் வைக்கிறார்கள். டெபியனின் களஞ்சியத்தில் மட்டும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. மின்ட்டில் மென்பொருள் மேலாளரைத் திறந்து, பெயரைத் தேடி, நிறுவு என்பதை அழுத்தினால் போதும். கையொப்பம் பொருந்தினால்தான் அது நிறுவப்படும். புதுப்பிப்பும் அப்படியே: உலாவி, அலுவலக மென்பொருள், கெர்னல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகப் புதுப்பிக்கப்படும். விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே வந்து புதுப்பிக்கச் சொல்லித் தொல்லை தருவதை நினைத்துப் பார்த்தால், இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே மாறலாம் என்று எனக்குத் தோன்றும்.

களஞ்சியத்தில் உள்ளது சில நேரம் பழைய பதிப்பாக இருக்கும். நிலைத்தன்மைக்காக அவர்கள் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். புதிய பதிப்பு தேவையானால் ஃபிளாட்பேக் என்ற வடிவில், ஃபிளாட்ஹப் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறலாம். மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே அதுவும் தெரியும். மென்பொருளை எழுதியவர்களே வெளியிட்டார்கள் என்று சரிபார்க்கப்படாதவற்றை மின்ட் 22 இயல்பாக மறைத்து வைக்கிறது. அந்த அமைப்பை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது.

தமிழில் எழுத

விண்டோஸில் தமிழுக்காகத் தனி மென்பொருள் நிறுவிப் பழகியவர்களுக்கு, லினக்ஸில் அது களஞ்சியத்திலேயே இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் அதற்கான எம்17என் பொதியையும் நிறுவினால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகியவை கிடைக்கும். இலங்கையில் பலர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் இருக்கிறது. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

இதுவரை ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ் அடித்து வந்தவர்கள், இந்த மாற்றத்தோடு தமிழ்99-க்கும் மாறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வருகின்றன. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும் என்பதும், மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆகும் என்பதும் அதன் விதிகள். இரண்டு வாரம் கை தடுமாறும், அதன்பின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆனால் இதைக் கற்பதும் விண்டோஸில் இருக்கும்போதே நடக்கட்டும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் சேர்த்து வைத்த ஆவணங்கள் தனிச் சிக்கல். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவினால் ஆவணம் முன்போலவே தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக அறிவித்துவிட்டது. முக்கியமான பழைய ஆவணங்களை மாற்றிகளின் உதவியால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இயங்குதளத்தை மாற்றாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

கையருகே வைத்துக்கொள்ள வேண்டிய கருவிகள்

நிறுவிய முதல் நாளே இயக்க வேண்டியது டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு சேர்ந்தே வரும் இது, இயங்குதளம் இப்போது இருக்கும் நிலையைப் பதிவு செய்து வைக்கிறது. ஒரு புதுப்பிப்போ நம் சோதனையோ எதையாவது குலைத்துவிட்டால், நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். வாரம் ஒரு பதிவு என்று அமைத்துவிடுங்கள். இது கணினியின் அமைப்பை மட்டுமே காக்கும், உங்கள் ஆவணங்களைக் காக்காது. ஆவணங்களுக்குத் தேஜாதூப் என்ற கருவியை வெளி வட்டோடு இணைத்து வைத்துக்கொள்ளலாம்.

கைபேசியோடு கணினியை இணைக்க கேடிஇ கனெக்ட் இருக்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் படங்களை அனுப்பலாம், கைபேசிக்கு வரும் அறிவிப்புகளைக் கணினியில் பார்க்கலாம், ஒன்றில் நகலெடுத்த உரையை மற்றதில் ஒட்டலாம். இரண்டு கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்ப மட்டும் என்றால் மின்ட்டோடு வரும் வார்பினேட்டர் போதும்.

விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் இணையவழியாகிவிட்ட இக்காலத்தில் மூன்று கருவிகள் அடிக்கடி கைகொடுக்கும். சான்றிதழை ஸ்கேன் செய்ய டாக்குமென்ட் ஸ்கேனர். பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். இவற்றுக்காக முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதாரையும் மதிப்பெண் சான்றிதழையும் ஏற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த வேலையை உங்கள் கணினியை விட்டு வெளியே போகாமலே முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது கிம்ப். தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டால், படத்தைக் கிம்ப்பில் திறந்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யும்போது வரும் சாளரத்தில் முன்னோட்டத்தை இயக்குங்கள். தரத்தைக் குறிக்கும் பட்டையை இடப்பக்கம் நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு குறைந்துகொண்டே வருவது அங்கேயே எண்ணாகத் தெரியும். 50-க்குக் கீழே வந்ததும் நிறுத்திச் சேமித்துவிடலாம்.

தமிழ்ப் புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள், ஜிஇமேஜ்ரீடர் என்ற கருவியையும், படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் டெசராக்ட்டின் தமிழ்ப் பொதியையும் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளுங்கள். தெளிவாக அச்சான பக்கத்தை அது ஒருங்குறி உரையாக மாற்றித் தரும். பிழைகள் இருக்கும், திருத்தத்தான் வேண்டும்; ஆயினும் முழுப் பக்கத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்வதைவிட மிக விரைவு. பேஜ்மேக்கரில் புத்தகம் வடிவமைத்தவர்களுக்கு ஸ்கிரைபஸ் 1.6 உண்டு, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்படி ஒருங்குறித் தமிழை அது கையாளுகிறது. திரையைப் படம்பிடித்து அம்புக்குறியும் குறிப்பும் இட ஃபிளேம்ஷாட் போதும்.

டெர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைக் கண்டு தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் சொன்னவற்றில் கடிகாரத்தைத் தவிர எதற்கும் அது தேவையில்லை. சிக்கல் வரும்போது பிறர் தரும் உதவி பெரும்பாலும் கட்டளையாகவே வரும். ஒரு கட்டளையை எழுதிக் காட்டுவது எளிது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விளக்குவது கடினம் என்பதே காரணம். கட்டளையின் தொடக்கத்தில் சூடோ என்ற சொல் இருந்தால், அது கணினியின் முழு அதிகாரத்தையும் கேட்கிறது என்று பொருள். என்ன செய்யப்போகிறது என்று புரியாத வரை அப்படிப்பட்ட கட்டளையை ஒட்டி இயக்காதீர்கள்.

விண்டோஸை எப்போது நீக்குவது என்று கேட்பார்கள். இரண்டும் இருக்கும் கணினியில், எதற்காக விண்டோஸுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரே மென்பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு மாற்று கிடைக்கும் வரை அந்தப் பகுதி இருக்கட்டும். மூன்று மாதம் தாள் வெறுமையாக இருந்தால், விண்டோஸ் பகுதியில் எஞ்சிய கோப்புகளை ஹோம் கோப்புறைக்கு நகர்த்தி, வெளி வட்டில் நகலும் எடுத்துவிட்டு, ஜிபார்ட்டட் என்ற கருவியால் அந்த இடத்தை லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.